மேட்டுக்கடை ஏற்றத்தில் நிற்கக் கூடாது

மழைக்கோட்டின் உள்பையில் கிராம்பு இருந்தது. தலைவலித் தைலம் தீர்ந்த பிறகு நீ கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்ட அந்தச் சின்னத் தகர டப்பாவில். ஒரு வருஷமாக அலமாரிக்குள் கிடந்த கோட்டில் பூஞ்சை வாடை அடித்தது. மூடியைத் திறப்பதற்கு முன்பே அதையும் மீறிக்கொண்டு கிராம்பு வாசனை வந்தது. எண்ணிப் பார்த்தேன். ஏழு.

உன் மகள் வாசலில் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். உன் சிநேகிதி என்பதால் என்னைச் சித்தி என்றே கூப்பிடுகிறவள். "சித்தி, மழை பலக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்றாள். உன் வருஷாப்திகம் முடிந்த மறுநாள் அது. பெங்களூருக்குத் திரும்புவதற்கு முன்னால் அம்மா நடந்த வழியில் ஒரு தடவை நடக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாள். நான் டப்பாவை மூடி, எடுத்த பையிலேயே திரும்ப வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். இதில் இருப்பதை வேறு யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆறுதல் சொல்லிவிடுவார்கள். அது வேண்டாம்.

நடக்க வேண்டியிருந்தவள் நான். நீ இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குச் சுகர் என்று தெரிந்தபோது, தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார் டாக்டர். அன்று சாயங்காலமே நீ என் வீட்டுக்கு வந்தாய்.

"தனியாப் போனா நாலாம் நாள் நிறுத்திடுவே. நானும் வரேன்."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. நீ எதுக்கு?"

"எனக்குப் பேச ஆள் வேணுமாக்கும். ஆத்துல இருக்கறது ஒரு மனுஷர். அவருக்குப் பேச்செல்லாம் பகவானோட."

அது உண்மைதான். உன் அகத்துக்காரர் நாலு மணிக்கே குளித்துவிட்டுக் கோட்டைக் கோவிலுக்கு முதல் தரிசனமான நிர்மால்யம் தொழப் போய்விடுவார். திரும்ப ஆறரை ஆகும். இடைப்பட்ட நேரம் உனக்குச் சும்மா கிடந்தது. அதை எனக்குக் கொடுத்தாய்.

வலியசாலைத் தெருவில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே பதினோரு வீடு. விடியுமுன் கதவைத் தட்டினால் வரிசை முழுவதும் விழித்துக்கொள்ளும். அதனால் போன். அதிலும் பேசக் கூடாது. பேசினால் பேச்சு வளர்ந்து நடை போய்விடும் என்று நான் சட்டம் போட்டேன். இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டால் 'கிளம்பிவிட்டேன்'. ஒரு ரிங்கோடு வைத்தால் 'இன்றைக்கு இல்லை, நீ போ'. யாரும் எடுக்கக் கூடாது. நீ சிரித்தாய். "காலேஜுல நீ பிள்ளைகளுக்கும் இதே மாதிரியா பெல் அடிப்பே?" என்றாய். ஆனால் ஒரு நாள்கூட மாற்றி அடித்ததில்லை.

இன்னொரு சட்டமும் போட்டேன். பாதியில் நிற்கக் கூடாது. நின்றால் இதயத்துடிப்பு இறங்கிவிடும், அதுவரை நடந்தது வீண் என்று எங்கோ படித்திருந்தேன். கையில் கடிகாரம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன். உனக்கோ நிற்காமல் இருக்க முடியாது. பூக் கட்டுகிற அம்மாளிடம் மருமகளைப் பற்றி இரண்டு வார்த்தை, பால் எடுத்துவருகிறவனிடம் ஒரு வார்த்தை, சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்குகிறவர்களிடம் விலை விசாரிப்பு, சாயாக்கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் ஏதோ ஒன்று. நான் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பேன். நீ ஓடிவந்து சேர்ந்துகொள்வாய்.

"நடக்க வந்தோமா, ஊர்கோலம் போறோமா?"

"நீ நட. நான் ஊர்கோலம் போறேன். ரெண்டும் ஒரே வழிதானே, பின்னே என்னடி?"

என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவர்களில் நீதான் கடைசி. இப்போது எல்லோருக்கும் நான் டீச்சர், மேடம், சித்தி.

தைக்காட்டுப் பக்கம் போகும்போது மேட்டுக்கடை ஏற்றம் வருமே, அங்கேதான் முதலில் சொன்னாய். இடது காதுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, "தாடை நோகறதுடி" என்றாய்.

"எப்போ?"

"ஏறறச்சே. மேல போய்ச் சித்த நேரம் நின்னா சரியாயிடறது."

இருபத்திரண்டு வருஷமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இதயத்தின் நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவேன். மூச்சு வாங்கும்போது வந்து, ஓய்ந்தால் போகிற வலி எது என்று முதலாமாண்டுப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். சில பேருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அது மார்பில் வராமல் தாடையில் வரலாம் என்று என் பாடக்குறிப்பிலேயே ஒரு வரி இருக்கிறது. என் கையெழுத்தில். நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை. ஒரு டாக்டருக்குக்கூட அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

நான் சொன்னேன்: "பல்லைக் கடிச்சுண்டு ஏறறே. சொத்தை இருக்கும். போய்க் காட்டு."

காட்டினாய். சொத்தை இருந்தது. அடைத்துவிட்டார்கள். "நீ சொன்னது சரியாக்கும்" என்று நீ வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சொத்தை இல்லாமல் இருந்திருக்கலாம். ஐம்பது வயதில் எந்த வாயில்தான் ஒரு சொத்தை இருக்காது?

அடைத்த பிறகும் வலித்தது. "ஆறறதுக்கு நாளாகும்" என்றேன். சாலைக் கடையில் நிறுத்தி உனக்குக் கிராம்பு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அதற்கு மட்டும் நின்றேன். உன் சுடிதாரில் பை இல்லாததால் டப்பா, கோடை மழைக்காக நான் போட்டுவந்த கோட்டின் பையில் இருந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்தில் நீ கையை நீட்டுவாய். நான் நடந்துகொண்டே ஒன்று எடுத்துக் கொடுப்பேன். கடைவாயில் அதக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்திவிட்டு ஏறுவாய். நீ பேசாமல் நடந்ததைப் பார்த்து, வழிக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பூட்டிய கடை ஒன்றின் படியைக் காட்டினாய். "ரெண்டு நிமிஷம் ஒக்காரலாமா?"

"ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டே. வா. ஏற்கெனவே நம்ம வேகம் கொறஞ்சிண்டே வரது."

"நீ டீச்சரா, போலீஸா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாய். சிரித்துக்கொண்டேதான் வந்தாய்.

வேகம் குறைந்தது நிஜம். கடிகாரத்தோடு சேர்ந்த கணக்கெல்லாம் போனில் இருக்கிறது. பிறகு எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அந்த ஏற்றத்தில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பதினெட்டு நாள். தினமும் அதைப் பார்த்தவள்தான் நான். உன்னிடம் காட்டிக் குறைபட்டும் இருக்கிறேன்.

அன்றைக்கு இடவப்பாதிப் பருவமழை தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. தூறிக்கொண்டிருந்தது. ஐந்து மணி பதினோரு நிமிஷத்துக்கு உன் போன் வந்தது. ஒரு ரிங். நின்றுவிட்டது.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டைத் தாண்டித்தான் போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. மழைக்குப் பயந்துகொண்டு காப்பி போடுகிறாய் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். யாரும் நிறுத்தவில்லை. ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினேன். அந்த மாதத்திலேயே அன்றைக்குத்தான் அதிக வேகம். நாளைக்கு உன்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பையில் உன் கிராம்பு குலுங்கிக்கொண்டே வந்தது.

திரும்பி வந்தபோது தெருவில் ஆட்கள் நின்றார்கள். அன்றைக்குச் சீக்கிரமே திரும்பிவிட்ட உன் அகத்துக்காரர் கையில் பிரசாத இலையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அடுக்களை நிலைப்படியில் நீ கிடந்தாய் என்றும், போன் பக்கத்தில் இருந்தது என்றும் யாரோ சொன்னார்கள். நீ காலில் ஒரு ஷூ போட்டிருந்தாய்.

ஒரு ஷூ. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். வர வேண்டாம் என்று முடிவு செய்தவள் எதற்கு ஷூ போட்டாள் என்று அன்றைக்கே தோன்றியது. யாரிடமும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து உன் மகள் உன் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். "காலம்பற அஞ்சு பதினொண்ணுக்கு உங்களுக்கு ஒரு கால் போயிருக்கே, சித்தி? அதான் கடைசி." நான் ரிங் கணக்கைச் சொன்னேன். ஒன்று என்றால் வரவில்லை என்று அர்த்தம். அவள் முகம் தெளிந்தது. "அப்போ அம்மாக்குச் சும்மா வரத் தோணலை. கஷ்டமொண்ணும் படலை, அல்லே? அப்பாவும் அதான் சொல்றா. ஒரு சூசனையும் இல்லாம போயிட்டாளேன்னு."

"கஷ்டப்பட்டிருக்க மாட்டா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

ஒரு பொய் சொன்னால் அடுத்ததற்கு நாக்கு கூசுவதில்லை. இரண்டு மாதம் கழித்துக் குடை பிடித்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கினேன். சாயாக்கடைக்காரர், என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், வெளியே வந்து மலையாளத்தில் கேட்டார்: "டீச்சரே, மத்தே சேச்சி எவிடே? கண்டிட்டு குறே ஆயல்லோ." நீ எங்கே, பார்த்து நாளாயிற்றே என்று. மகளோடு பெங்களூரில் இருக்கிறாள் என்று சொன்னேன். "பாக்யம்" என்றார். இன்றைக்கும் அவர் கணக்கில் நீ பெங்களூரில்தான் இருக்கிறாய். அந்த ஒரு கடை வாசலைத் தாண்டும்போது மட்டும் நான் உன்னைக் கொல்லவில்லை.

உன் மகளோடு நடந்ததைச் சொல்ல வந்தேன். நல்ல நடை அவளுக்கு. கையை வீசிக்கொண்டு, கண்ணை நேரே வைத்துக்கொண்டு. உன்னைப் போல இல்லை, என்னைப் போல. மேட்டுக்கடை ஏற்றத்தில் பாதி போனதும் என் கால் நின்றுவிட்டது. எனக்கு வலி ஒன்றும் இல்லை. சுகர் கட்டுக்குள் இருக்கிறது, டாக்டர் பாராட்டுகிறார். பூட்டிய அந்தக் கடையின் படி ஈரமாக இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றேன்.

அவள் நான்கடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "சித்தி, நிக்கப்படாதுன்னு உங்க ரூல் அல்லே? அம்மா போன்ல எப்பவும் சொல்லுவா, எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நிக்காதே, சித்தி கோவிச்சுப்பான்னு. நான் அங்க பார்க்குல ஒரு நாள் நின்னதில்லே."

அப்போதுதான் அந்தப் படியில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன். "அந்த ரூல் தப்பு. இனிமே மூச்சு வாங்கினா நில்லு. எங்க நோகறதுன்னாலும் நில்லு" என்றேன்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். தாடையைச் சொன்னேன். சொத்தையைச் சொன்னேன். இந்தப் படியைச் சொன்னேன். முடித்த பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தனை நாள்?"

"பதினெட்டு."

"பதினெட்டு நாளும் இதுல ஏறினேளா?"

"ஏறினோம்."

மழை வலுத்தது. எதிரே ஒரு ஆட்டோ வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. அவள் டப்பாவைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்காமல், "அப்போ அந்த ஒத்தை ரிங்கு?" என்றாள்.

"தெரியாது."

"ரெண்டாவது அடிக்கறதுக்குள்ள கை..." டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து இறக்கத்தில் நடந்து போனாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட என்ன உரிமை இருக்கிறது?

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும் முன் வந்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் அப்பாட்ட சொல்லலை. நீங்களும் சொல்லாதேங்கோ. அவர் தாங்க மாட்டார்" என்றாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் நிம்மதியையும் எடுத்துக்கொண்டேன், பார். ஒரு வருஷம் அம்மா வலியில்லாமல் போனாள் என்று நம்பியிருந்த பெண். என் நெஞ்சு லேசாகட்டும் என்றா சொன்னேன், அவள் ஏற்றத்தில் நிற்க வேண்டும் என்றா? இரண்டாவதுதான் என்று சொல்லிக்கொள்கிறேன். என் சொல்லை நானே நம்பிப் பழக்கமில்லை.

இன்றைக்கும் போனேன். அந்தப் படியில் உட்கார்ந்தேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது.

போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடக்கிறேன், பையில் போடுவதில்லை. யார் கூப்பிட்டாலும் முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிடுகிறேன். பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்கள். இவ்வளவு சீக்கிரம் எடுப்பேன் என்று எதிர்பார்க்காததால் ஒரு நொடி பேச்சு வராமல் நின்றுவிடுவார்கள். அந்த ஒரு நொடியில் மூச்சு மட்டும் கேட்கும். "எங்கே இருக்கே? வரேன், இதோ வரேன்" என்று சொல்லிவிடுகிறேன்.