மயிலினியை வரைந்தவளுக்கு

சிட்லப்பாக்கம்,
21.8.1997

அன்புள்ள சாவித்ரிக்கு,

ஞானாம்பாள் எழுதுகிறேன். பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதே. திங்கட்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தாம்பரம் தபால் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்டில் போகும்.

உன் பிலாய் விலாசத்தைப் பம்மலில் உன் அண்ணாவிடம் வாங்கினேன். எனக்கு முன்பே இன்னொருவர் வாங்கிப் போயிருக்கிறார். நம் பத்திரிகை முதலாளி பத்ரிநாராயணன்தான்.

நாம் இருவரும் 'வானரதம்' பத்திரிகையில் செய்த மயிலினி படக்கதை கார்ட்டூன் தொடராகிறது. பொழிச்சலூரில் ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார்ந்து வரைகிறார்கள். தீபாவளிக்கு டிவியில் வர வேண்டும். அதற்காகப் புதிதாக ஒரு வில்லனை எழுதினேன். ஏட்டரசன் என்று பெயர். மாய நாட்டில் புத்தகம் போடுகிறவன். கதை சொல்ல வருகிறவர்களைத் தன் கையாலேயே உபசரிப்பான், அவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பான். அவன் ஓலையில் கையெழுத்துப் போட்டவர்களின் குரல் மறுநாளிலிருந்து அவன் வாயில் வரும். யாரைப் பார்த்து எழுதினேன் என்று உனக்குத் தெரியும்.

பத்ரிநாராயணனுக்கும் தெரிந்துவிட்டது. போன வாரம் படப்பைத் தோட்டத்துச் சப்போட்டா ஒரு பையோடு வீட்டுக்கு வந்தார். அம்மாவின் முழங்கால் வலியை ஞாபகமாகக் கேட்டார். அந்த வில்லன் தனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் உயரமாக வரையச் சொல்லுங்கள் என்று சிரித்தார். அதே சிரிப்போடு, மயிலினி தன் கற்பனை, அதற்குச் சாவித்ரியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள், இனி தொடர் தன் பெயரில்தான் வரும் என்றார். நான் நம்பிவிட்டேன். உன்மேல் கோபம்கூட வந்தது.

நேற்று சானடோரியம் ஸ்டேஷனில் ஏகநாதனைப் பார்த்தேன். முதலாளியின் பிரஸ்ஸில் அச்சுக் கோத்தவர், இன்னும் அங்கேதான் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "இன்னாம்மா நீ, அந்தப் பேப்பர்ல சாவித்ரியம்மா கையெழுத்தே இல்லம்மா. எடம் காலியா கீது. மொதலாளி அத்த வாங்க சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துகினு கெளம்புறாரு" என்றார். இரண்டு வண்டி போன பிறகுதான் ஏறினேன்.

உன்னிடம் வரும்போது அவர் இன்னொரு காகிதமும் கொண்டு வருவார். அதை அவர் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறில், நான் எழுதியதெல்லாம் நீ சொன்ன கதை என்று நீ ஊரெல்லாம் பேசுவதாக அவர் சொன்னார். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயிலினியின் முகம் அவர் சொல்லச் சொல்ல நீ வரைந்தது, உன் சொந்தக் கற்பனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது போலி இல்லை. என் கையெழுத்துதான். அடுத்த மாதமே உனக்கு வேலை இல்லை என்று சொன்னார்களே, காரணம் தெரியாமல் என் வீட்டுக்கு வந்து அழுதாயே, அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை பொழிச்சலூருக்குப் போய் டைரக்டர் ஸ்ரீநிவாசராகவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்தது பொய் என்று இப்போது எழுதியும் கொடுத்துவிட்டேன். அதை இரண்டு முறை படித்தார். பிறகு வேலையை நிறுத்தச் சொன்னார். உன் பதில் வந்த பிறகுதான் மேலே வரைவார்களாம். சம்மதம் என்று நீ எழுதினால் தொடரில் உன் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் வரும். நீ அவர் காகிதத்தின் காலி இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் தொடர் அவருக்குப் போகும். அப்படிப் போட்டாலும் உன்னைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அவர் வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல். காபி கொடு. உன் மகளின் பெயரைச் சொல்லி அவர் கொஞ்சினால் மட்டும் மனசு இளகிவிடாதே.

எனக்கு ஒரு வரி எழுது. திட்டித்தான் எழுத வருமென்றால் திட்டியே எழுது. குழந்தை இப்போது பென்சில் பிடிக்கிற வயசாக இருப்பாள். மயிலினியை வரைந்தது அம்மாதான் என்று அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அவள் கை நன்றாக இருக்கட்டும்.

உன்னிடம் கேட்கத் தகுதியில்லாமல் கேட்கிற,
ஞானம்