உன் அண்ணன் நீட்டிய ரிப்போர்ட்

மாப்ளே,

இன்று காலை அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார். கோழி ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தேன். என் காலரில் ஒட்டியிருந்த இறகை எடுத்து நீட்டிய நர்ஸ், "உங்களுதுங்களா?" என்றாள். ஆமாங்க என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

போன ஆடியில் இதே வரிசையில்தான் நீயும் இதே நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தாய். உன் வயிற்றுப் புற்றில் எடுத்த சதைக்கு ரிப்போர்ட் வந்திருந்தது. பிடி-எல் 1 என்று ஒரு புரதம், எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்டது, உனக்கு அதிகமாம். நாம் கோழிக்காரர்கள். தடுப்பூசி போட்டபின் ரத்தம் எடுத்து, எதிர்ப்பு சக்தி எவ்வளவு என்று டைட்டர் பார்ப்போம். எண் கூடினால் பண்ணைக்கே நிம்மதி. "டைட்டர் ஏறியிருக்குது மாப்ளே, உனக்கு ஒண்ணுமில்ல!" என்று பிளஸ் டூ தாண்டாத நான் தீர்ப்புச் சொல்ல, நீ என் முதுகில் தட்டினாய்.

உள்ளே டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கோழிக்கு அது சரிங்க. இது கட்டி மாட்டிக்கிற முகமூடி. உங்க எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்து நம்மாளுன்னு விட்டுருது. ஆனா இது அதிகமா இருந்தா, முகமூடியைக் கிழிக்கிற ஊசி கேக்கறதுக்கு வாய்ப்பும் அதிகம். இதை மட்டும் வெச்சு ஆயுசை யாரும் சொல்ல முடியாது."

ஆனால் உன் அண்ணன் சொல்லிவிட்டார். 'அதிகம்' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும், சேந்தமங்கலத்தில் நீ வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே உனக்குப்பின் தனக்கென்று உன் கோழி ஷெட்டை அளக்க வந்துவிட்டார். டேப்பின் ஒரு முனையை என்னையே பிடிக்கச் சொன்னார். "முத்திப்போச்சு சாமி. தீவாளி தாண்டாது."

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "டேப்பு தொங்குதுங்கண்ணா, நல்லா இழுத்துப் புடிங்க."

ஊசி போட்டார்கள், கேட்டது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, என்னை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர் வாசல் வழியாக மெதுவாகப் போனாய். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனாலும் ஹாரன் அடித்தாய். நான் கும்பிட்டேன். அப்புறம் தினமும் அதுவே நமக்குக் காலைப் பூசை. பொங்கல் தாண்டியும் அடித்தோம். சித்திரையில் ஊசி கேட்காமல் போனது. வைகாசியில் ஹாரன் நின்றது.

இன்று உன் அண்ணனுக்கும் அதே வயிற்றுப் புற்று. "இந்த ஆஸ்பத்திரி உனக்குத்தான் பழக்கம், கூட வா சாமி" என்றார். உன் வண்டியில்தான் கூட்டி வந்தேன். வாசலில் நின்று ஹாரன் அடித்துத்தான் கூப்பிட்டேன். இந்த நாளுக்கென்றே ஒரு வசனம் வைத்திருந்தேன்: "டேப்பு கொண்டாரட்டுங்களாண்ணா?" என் மகளிடம் சொல்லிக்கூடக் காட்டினேன். "உங்களுக்கு நடிப்பு வராதுங்கப்பா" என்றுவிட்டாள்.

அவர் ரிப்போர்ட்டை நீட்டினார். "அதே எழவுப் பேருதான் போட்டிருக்குது. அதிகம்னு வேற இருக்குது. கெட்டதுதானே சாமி?"

வசனத்தை விட்டுவிட்டேன். "டாக்டரம்மா சொல்லுவாங்கண்ணா" என்றேன். எங்களுக்கு முன்னால் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அவருக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்த இறகைத் தடவிக்கொண்டிருந்தேன் மாப்ளே.

அதிகமாக இருந்தால் ஊசி கேட்க வாய்ப்பும் அதிகம் என்பதை மட்டும் சொல்லவில்லை.