கம்பளத்தில் சிக்கிய சக்கரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஆஸ்பத்திரியில் நான் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் புதிதாகக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வழவழப்பான தரையில் ஒரு கையால் தள்ளினாலே ஓடிய சக்கர நாற்காலி, நேற்று அதில் புதைந்து நகர மறுத்தது. எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்திருந்த பெரியவர் கூசிப்போய், "நான் ரொம்பக் கனமா இருக்கேனா தம்பி?" என்றார்.

"நீங்க இல்லய்யா, தரைதான்" என்றேன்.

வாசல் மணலில் அவருடைய நாற்காலியை நீங்கள் தள்ளத் திணறியபோது அப்பாவும் உங்களிடம் அதைத்தானே கேட்டார்? அன்றோடு வெளியே வருவதையும் நிறுத்திவிட்டார். அந்த மணலில் பலகை போட்டு, டயருக்குக் காற்றடித்துத் தள்ளிப் பாருங்கள். அவருக்கே புரியும்.

அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை போனில் பதிந்து அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் நான் நாற்காலிக்காரன்தான்.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்