டேலி ஆகாத பக்கம்

மார்ச் 3, திங்கள்

மதிப்பெண் வந்துவிட்டது. நாற்பத்தாறு. தேற ஐம்பது வேண்டும்.

ஆடிட்டர் உரிமத்துக்கு ஆறு தாள்கள். ஐந்தை எப்போதோ முடித்துவிட்டேன். சட்டத்தில்கூட எழுபத்திரண்டு! ஆறாவது தாள்தான் மூன்றாம் முறையாகக் காலை வாரியிருக்கிறது. அது என்ன தாள்? கணக்கியல். பதினாறு வருடமாக ஆடிட் ஆபீஸில் நான் செய்யும் அதே வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே பாத்ரூமில் கொஞ்சம் அழுதுவிட்டுச் சிரித்தேன்.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. மே மாதத் தேர்விலும் தேறாவிட்டால் பழைய ஐந்து தாள்களும் செல்லாது, ஆறையும் மறுபடி எழுத வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் என்னால் முடியாது. வீம்புக்குச் சொல்லவில்லை, தெரிந்துதான் சொல்கிறேன். இதுதான் கடைசி.

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் பார்ட்னரிடம் சொன்னேன். "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா," என்றார், தலையை நிமிர்த்தாமல். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த அறிக்கை நான் தயாரித்தது. போன மாதம் பதினேழு அறிக்கைகள், பதினேழும் என் உழைப்பு, பதினேழிலும் அவர் கையெழுத்து. நல்ல மனிதர்தான். உரிமம் இருப்பவர்தானே கையெழுத்துப் போட முடியும்? எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டிலேயே மாதிரித் தேர்வு. மூன்று மணி நேரம், ஐந்து கேள்விகள். எதிரே என் வீட்டுக்காரர் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் கேள்வியில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை, இரண்டு பக்கமும் சேராமல் 900 இடித்தது. ஒன்பதால் வகுபடுகிற வித்தியாசம், அப்படியானால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். கடைசியில் பிடித்தேனே! 4,350ஐ 3,450 என்று எழுதியிருக்கிறேன். கையைத் தட்டினேன்.

"மத்த நாலு கேள்வி?" என்றார்.

மணியைப் பார்த்தேன். இரண்டு மணி பத்து நிமிடம் போயிருந்தது.

அவர் டவுன் பஸ் டிரைவர். "ஏம்மா, ஒரு ஆள் ஏறலாமா வேண்டாமான்னு யோசிக்கிறார்னு நான் வண்டிய அங்கயே நிறுத்தி வச்சா, அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"பஸ்ஸும் கணக்கும் ஒண்ணா? உங்க வேலையப் பாருங்க!"

பார்த்தார். பூண்டு உரித்தார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மார்ச் 10, திங்கள்

பஸ்ஸும் கணக்கும் ஒன்றுதான். ஆனால் அவரிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே!

உடனே பேப்பரை இழுத்து வைத்து, தன் டியூட்டி அட்டவணை மாதிரியே ஒன்று போட்டுக் கொடுத்தார். மொத்தம் நூற்றெண்பது நிமிடம். முதல் பதினைந்து நிமிடம் படிப்பதற்கு மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. கடைசிப் பதினைந்து நிமிடம் விட்டதைப் பார்க்க. நடுவே நூற்றைம்பது நிமிடத்துக்கு நூறு மதிப்பெண், அதாவது மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். இருபது மதிப்பெண் கேள்விக்கு அரை மணி. அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் விசில்.

ஆமாம், நிஜ விசில்! யாரோ கண்டக்டரிடம் வாங்கி வந்திருக்கிறார். இருபது வருடமாக அடுத்தவர் விசிலுக்கு அடங்கி ஓட்டியவர் கையில் விசில் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? அவர் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று கேள்வி முடித்தேன். இரண்டு விசிலை மதிக்கவில்லை. மூன்றாவதில் தாளைப் பிடுங்கிவிட்டார், ராட்சசன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று திருத்தியது நாத்தனார். பள்ளி ஆசிரியை, பொதுத்தேர்வுத் தாள்களெல்லாம் திருத்துகிறவள். பாதியில் சிரிக்க ஆரம்பித்து நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டாள்.

நான் செய்தது இதுதான். கேள்வியில் தேய்மானம் ஓரிடத்தில் பத்து சதவீதம், இன்னோர் இடத்தில் பதினைந்து. சும்மா விடுவேனா? 'மேற்படி முரண்பாட்டுக்கு நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் தரவும்' என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு, கணக்கைப் போடாமல் விட்டிருந்தேன்.

"அண்ணி, கேள்வித்தாளையே ஆடிட் பண்ணிட்டீங்களே! யாரு விளக்கம் தருவாங்க? 'பத்து சதவீதம்னு எடுத்துக்கறேன்'னு ஒரு வரி போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டாமா?"

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "விடை மட்டும் இருக்கு. எப்படி வந்துச்சுன்னு காணமே?"

"அது வேற பேப்பர்ல. ஆபீஸ்ல அதுக்குத் தனி ஃபைல்."

"அந்த ஃபைல் திருத்தறவங்க கைக்கு வராதே அண்ணி! நாங்க மார்க் குறைக்க அலையறோம்னு நினைக்கறீங்க. போடறதுக்குத்தான் தேடறோம். விடை தப்பா இருந்தாலும் வழி சரியா இருந்தா பாதி மார்க்காவது போடுவோம். போட இடம் குடுங்க."

மூன்று தேர்விலும் சுத்தமாக விடையை மட்டும் எழுதிவிட்டு, வழியையெல்லாம் வெற்றுத்தாளில் போட்டு, கசக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட்டிருக்கிறேன். மூன்று முறையும் நானே! என்னை என்ன செய்தால் தகும்?

ஏப்ரல் 13, ஞாயிறு

அறுபத்தொன்று! முதன்முறையாக ஐந்து கேள்விகளும் முடித்தேன். நாத்தனார் கூசாமல் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

ஒரு பேலன்ஸ் ஷீட் மட்டும் எழுபத்தைந்து இடித்தது. விட்டுவிட்டேன். விட்டேனா? கை அரித்தது. விடைத்தாளை முந்தானையில் மறைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். கால் மணி கழித்துக் கதவுக்கு வெளியே விசில். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஆறு நாள் லீவு கேட்டிருந்தேன். பார்ட்னர் ஆறை அடித்துப் பத்து என்று எழுதித் தந்தார். வயிற்றெரிச்சலை வாபஸ் வாங்குகிறேன்.

மே 6, செவ்வாய்

எழுதிவிட்டேன்.

தேர்வுக் கூடத்தில் என் மேசை ஒரு பக்கம் ஆடியது. காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். பதினைந்து நிமிடம் பேனாவைத் தொடவில்லை. சுற்றிலும் சரசரவென்று எழுதுகிறார்கள், நான் மட்டும் கதை படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். நாலாவது கேள்வி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அதில் தொடங்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் புதுப் பக்கம். வழியெல்லாம் விடைக்குக் கீழேயே.

முப்பது மதிப்பெண் கேள்வி, நாற்பத்தைந்து நிமிடம். பேலன்ஸ் ஷீட் 18,200 இடித்தது. மணி பார்த்தேன், நேரம் முடிந்திருந்தது. உட்காருடி, தேடுடி, எங்கே போய்விடும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சுகிறது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பதினாறு வருடத்தில் ஒரு நாளாவது டேலி ஆகாமல் வீட்டுக்குப் போயிருப்பேனா? 'வித்தியாசம் 18,200' என்று பளிச்சென்று எழுதினேன். பக்கத்தைத் திருப்பினேன்.

திருப்பியதும் ஒரு சுகம்! இது தெரியாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேனே! கடைசிக் கேள்வியை ஜம்மென்று முடித்தேன்.

வாசலில் அவர் சீருடையோடு நின்றிருந்தார். "எல்லா ஸ்டாப்பும்?"

"எல்லா ஸ்டாப்பும்," என்றேன். இருவரும் சிரித்ததில் வாசல் காவலாளியும் சிரித்துவிட்டார்.

மே 7, புதன்

பல் தேய்க்கும்போது 18,200 அகப்பட்டது. கடைக்கு வந்து சேராமல் வழியில் இருந்த சரக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை. போகட்டும், மிஞ்சிப் போனால் நாலு மதிப்பெண்.

ஜூலை 11, வெள்ளி

ஐம்பத்தெட்டு!! தலைகால் புரியவில்லை. நாத்தனார் பள்ளியில் பாதி வகுப்பில் இருந்தவள் போனிலேயே கத்தினாள், பின்னால் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் கத்தின. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்," என்றார். வீட்டில் வெங்காயமே இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

உரிமம் வந்து இரண்டு வாரம். போன வாரம்தான் முதல் அறிக்கை போயிற்று, ஒரு செருப்புக் கடைக்கு.

இன்று பதினோரு மணிக்கு அந்தக் கடை முதலாளி போனில் வந்தார். "ஆடிட்டர்கிட்ட பேசணுமே."

"ஒரு நிமிஷம் இருங்க சார், குடுக்கறேன்," என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று பார்ட்னர் அறைக்குப் போனேன்.

"சார், செருப்புக் கடைக்காரர் லைன்ல இருக்கார். ஆடிட்டர்கிட்ட பேசணுமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த ரிப்போர்ட்ல யாரு கையெழுத்துப் போட்டது?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓடுங்கம்மா, பாவம் காத்துக்கிட்டிருக்கார்."

ஓடினேன். மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க சார், ஆடிட்டர்தான் பேசறேன்."