பூ இல்லாத பின்னல்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் இஷாக்குக்கு உன் அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம், தோஹாவில் நீயும் அதேபோல் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உடம்புக்கு என்று மட்டும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். தினமும் வீடியோ காலில் பேசுகிற மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பாய். போன வாரம் மூன்று தடவை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு தடவை பேத்தி ரிஃபாத் போனைப் பிடுங்கிக்கொண்டு விழுந்த பல்லைக் காட்டினாள், மற்ற இரண்டு தடவையும் உன் முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்றார், உன் அம்மா கேட்கிற ஆளா, துணி காயப்போட நாளைக்கு நாலு தடவை ஏறுகிறாள். கடையில் ப்ளக்ஸ் அடிக்கிற பெரிய மெஷின் இரண்டு நாள் மக்கர் பண்ணியது, ஆள் வந்து சரிசெய்துவிட்டான். ரிஃபாத் மிஸ்ஸையே எதிர்த்துக் கேள்வி கேட்கிறாளாம், அது யார் ரத்தம் என்று எனக்குத் தெரியும்.

சொல்ல வந்தது ரஃபியாவைப் பற்றி. பதறாதே, உன் பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள், தப்புப் பண்ணியது நான். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், முதலிலிருந்து வந்தால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ராயப்பராஜ் நம் கடையை விட்டுக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனதும் டிசைன் போட ஆளில்லாமல் நான் தவித்தேன். அப்போது ரிஃபாத் படிப்புக்கென்று நீ அனுப்பிய டேப்லெட்டில் ரஃபியா ஒரு கல்யாண ப்ளக்ஸைப் போட்டுக் காட்டினாள். நம் தொழிலில் டிசைன் என்றால் என்ன? வருகிறவன் போனை நீட்டி, பாய், இதே மாடல்ல போட்டுக் குடுங்க என்பான். நாமும் படத்தை அப்படியே வைத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்போம். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், கூச்சமே இருந்ததில்லை. ரஃபியா அப்படிச் செய்யவில்லை. மத்தியானம் வேலை ஒழிந்ததும் போனை எடுத்துவைத்துக்கொண்டு, எழுத்து வரைகிறவர்களும் படம் வரைகிறவர்களும் உலகத்தில் எங்கெங்கோ இருந்து போடுவதையெல்லாம் பார்ப்பாள். சென்னையில் ஒருத்தர், பெய்ரூட்டில் அரபு எழுத்தைத் தினுசு தினுசாக வளைக்கிற ஒரு பெண், மெக்சிகோவில் லாரிக்குப் படம் போடுகிற ஓர் ஆள் என்று அவளுக்கு ஒரு பட்டாளமே உண்டு. மாமா, இந்த எழுத்தப் பாருங்களேன், இடுப்புல கை வச்சு நிக்கிது என்பாள். எனக்கு ஒரு இழவும் புரியாது, சிரித்துவைப்பேன். அம்புட்டையும் பாத்துட்டு ஒண்ணக்கூட எடுக்க மாட்டேங்குறியேம்மா என்று ஒருநாள் கேட்டேன். எடுக்குறதுக்குப் பாக்கல மாமா, நல்ல வேலையப் பாத்தா எனக்கும் செய்யணும்னு பசி வருது, அதுக்குத்தான் பாக்குறேன் என்றாள். பார்த்த அன்றைக்கு ஒரு கோடுகூடப் போட மாட்டாள், மறுநாள் பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவாள்.

பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்குப் போர்டு போட்டாள், அதன் முன்னால் நின்று பிள்ளைகள் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒரு செருப்புக் கடை, ஒரு பேக்கரி. யாரு பாய் இதெல்லாம் போடுறது என்று கேட்பார்கள். முதலில் நம்ம கடைதான் என்றேன். அடுத்து நம்ம கைதான் என்றேன். கடைசியில் நான்தான் என்று கூசாமல் சொல்ல வந்துவிட்டது. சொன்னதும் டீக்கடையில் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. நீ லீவில் வந்திருந்தபோது, நெட்ல இருக்குற நம்ம கடைப் பக்கத்துல டிசைன் ரஃபியான்னு சின்னதாப் போடட்டுமா என்று அவள் உன்னிடம் கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? பேரெல்லாம் வேணாம், பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறான்னு ஊருல பேசுவானுங்க என்று நீ சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதற்காக இதை எழுதவில்லை, நீ ஒரு நாள் சொன்னதை நான் ஒரு வருஷம் அனுபவித்தேன்.

நிலக்கோட்டைப் பூ வியாபாரி மலைச்சாமியை உனக்குத் தெரியும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மல்லிகை அனுப்ப அரைக் கிலோ அட்டைப்பெட்டி வேண்டும், பார்த்தவுடன் நிலக்கோட்டைப் பூ என்று தெரிய வேண்டும் என்று கேட்டு வந்தார். ரஃபியா நம் கடையில் ப்ளக்ஸ் ஓரம் மடித்து ஒட்டுகிற அன்னாளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். வந்து ஒரு படம் வரைந்தாள். திரும்பி நிற்கிற ஒரு பெண், முதுகில் நீளப் பின்னல், பக்கத்தில் நிலக்கோட்டை மல்லி என்று ஒரு சாய்ந்த எழுத்து. நான் டேப்லெட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பு என்றேன். பெட்டி அடித்து வந்தபோது மடிக்காத அட்டையாகக் கட்டுக்கட்டாக வந்தது, பின்னல் மேல் வரிசையாகத் துளை போட்டிருந்தது, பூவுக்குக் காற்றுப் போக என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றிவிட்டேன். பூ வைத்துக் கட்டின பிறகு அது எப்படி இருக்கிறது என்று ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டி எப்படியோ மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி வரைக்கும் போய்விட்டது. அங்கே டிசைன் பாடம் எடுக்கிற ரீனா மேடம் போன் பண்ணி, ஐயா, எழுத்து பத்தி ஒரு நாள் கூட்டம் வச்சிருக்கோம், நீங்க வந்து பிள்ளைங்ககிட்டப் பேசணும் என்றார்கள். வாரேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மேடையில் காட்டப் படங்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தது ரஃபியா. எந்தப் படத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் அவள். என் சட்டையை இஸ்திரி போட்டதுகூட அவள்தான், இஷாக். பூப்பெட்டியைப் பற்றி விளக்கிச் சொல்ல வந்தாள், இருவத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல கெடக்கேன், எனக்கே சொல்லித் தாரியா என்று வாயை அடைத்தேன். அவள் கோபப்படவில்லை. மாமா, மத்ததெல்லாம் உங்க பேர்லயே இருக்கட்டும், இந்தப் பெட்டி மட்டும் என் மருமக போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும் என்றாள். சரிம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் தாளிலும் எழுதி, அதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தாள்.

கூட்டத்தில் முந்நூறு பெண் பிள்ளைகள் இருப்பார்கள். பொன்னாடை போட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கை தட்டினார்கள். பூப்பெட்டிப் படம் வந்ததும், இந்தச் சாய்ஞ்ச எழுத்துக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து கிடைச்சதுன்னு ஒரு பிள்ளை கேட்டது, எனக்கு அந்த வார்த்தையே வாயில் நுழையாது, ஓலைச்சுவடியிலிருந்து என்று அடித்துவிட்டேன், அதற்கும் கை தட்டினார்கள். அந்தப் படம் இன்னும் திரையில் இருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, ஐயா, பூ விக்கிற பெட்டில இருக்கிற பொண்ணு தலையில பூவே இல்லியே, ஏன் என்று கேட்டது. திரும்பிப் பார்க்கிறேன், யா அல்லாஹ், நிஜமாகவே இல்லை! அத்தனை பெரிய திரையில் பின்னல் மொட்டையாகத் தொங்குகிறது. அது அவசரத்துல விட்டுப்போச்சும்மா, அடுத்த தடவ அடிக்கிறப்ப நாலு பூ வச்சிருவோம் என்றேன். அரங்கமே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் போனில் லைவாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே கடையில் அன்னாள் போனைப் பிடிக்க, ரஃபியாவும் உன் அம்மாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா சோறு போட்டாள், வெஞ்சனம் போதுமா என்று கேட்டதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. நாற்பது வருஷத்தில் அவள் பேசாமல் சோறு போட்டு நான் சாப்பிட்டதில்லை. மறுநாள் ஒரு ஹோட்டல் போர்டுக்கு ஆர்டர் வந்தது. ரஃபியாவிடம் கொடுத்தேன். அவள் அமைதியாக, மாடல் இருந்தா குடுங்க மாமா, அப்படியே போட்டுத் தாரேன் என்றாள். மாடலா, உனக்கெதுக்கும்மா மாடல் என்றேன். இனிமே மாடல் பாத்தே போடுறேன் மாமா, விட்டுப்போறதுக்கு ஒண்ணும் இருக்காது என்றாள். அன்றிலிருந்து பத்து நாளாக வந்த படத்தை வந்தபடி போட்டுக் கொடுக்கிறாள். மத்தியானம் போனைத் தொடுவதில்லை. ஒரு மரியாதைக் குறைவு கிடையாது, டீ நேரத்துக்கு டீ வருகிறது. அதுதான் என்னை அறுக்கிறது.

நாலாம் நாள் பஸ் ஏறி நிலக்கோட்டைக்குப் போனேன். மலைச்சாமி கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். வாங்க பாய், உக்காருங்க என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியில் பூவைப் போட்டு மூடி என் கையில் கொடுத்தார். பார்த்தேன். பின்னல் மேல் போட்டிருந்த துளை ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்கிற மல்லிகை வெள்ளையாகத் தெரிகிறது. பின்னல் முழுக்கப் பூ, இஷாக்! அவள் வரையவே வேண்டியதில்லை, நிஜப் பூவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெட்டி காலியானால் தலையும் காலி. அந்தச் சாய்ந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். அது நம்ம பார்சல் கட்டுற பயலுக பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மார்க்கர்ல ஊர்ப்பேரு கிறுக்குவாய்ங்கள்ல, அதத்தான் அந்தப் புள்ள ரெண்டு நாளும் போட்டோ எடுத்துக்கிட்டே இருந்துச்சு என்றார் மலைச்சாமி. ஓலைச்சுவடியாம் ஓலைச்சுவடி, என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, உங்க மருமக வேலைன்னு எனக்கு மொதல்லயே தெரியும் பாய், நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன் என்றார். அந்த மனுஷன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

வந்த சூட்டிலேயே ரீனா மேடத்துக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா, அவங்களையே வரச்சொல்லுங்க, அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை அதே பிள்ளைங்க முன்னால பேசட்டும் என்றார்கள். ரஃபியாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், கல்லூரியில் கூப்பிட்டதையும் சொன்னேன். பேரே வேணாம்னு அவர் சொன்னதுக்கு அப்புறம் நான் எப்படி மாமா போறது என்று உன்னைச் சொன்னாள். பிறகு என்னை நேராகப் பார்த்து, மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அன்னிக்கு மேடையில என் பேர மறந்துட்டீங்களா, இல்ல வேணும்னே விட்டீங்களா என்றாள். மறந்துட்டேம்மா என்றேன். இவ்வளவுக்கும் பிறகு மறுபடியும் பொய், மன்னிப்புக் கேட்ட அதே வாயால். நான் மறக்கவில்லை, இஷாக். தாள் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். கை தட்டல் நின்றுபோய்விடுமே என்று தண்ணீரைக் குடித்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அறுபத்திரண்டு வயசில் ஒரு மேடைக்காக, நம் வீட்டுக்கு நம்பி வந்த பிள்ளையின் வேலையைத் தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன், எழுதும்போதே வெட்கத்தில் காது சுடுகிறது.

அவளுக்கு அனுமதி கொடு என்று கேட்டு இதை எழுதவில்லை. நீ சொன்ன சொல்லை நீ திரும்ப வாங்கிக்கொள். ஊரில் பேசுகிறவன் பேசட்டும், இதுவரை அவன் பேசாமல் இருந்ததற்கு அவள் ஒருத்தி பட்டது போதும். அவளைப் போனில் கூப்பிட்டு என்னைப் பற்றி விசாரிக்காதே, என்ன வரைந்தாள், எதைப் பார்த்து வரைந்தாள் என்று கேள். கேட்டுவிட்டு ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டாமல் செத்த நேரம் காது கொடு. நான் ஒரு வருஷமாகச் செய்யாதது அது.

பக்ருதீன் மகன் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், ஐந்து கிலோ வரை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறான். உன் அம்மா திரித்த மசாலாவும் நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது, ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதே. பிரஷர் மாத்திரையை நோன்பு நாளிலும் விடாதே, ஜும்மாவைத் தவறவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும், உன் அத்தாவுக்கு வாய்க்காத நேர்மையையும் தருவானாக.

சாமான்களைக் கட்டப்போவது ரஃபியா. இந்தக் கவரை ஒட்டாமல் அவள் கையில் கொடுத்து, படிச்சுப் பாரும்மா, அனுப்பணும்னு தோணுனா உள்ள வை, இல்லாட்டிக் கிழிச்சுப் போடு என்று சொல்லப்போகிறேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இது உன் கைக்கு வந்திருந்தால், நான் மறக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் அத்தா,
மு. அப்துல் ஹக்கீம்.