சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர்

சங்கரன்கோவில்
12.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் தேன்மொழியும் சுகம். பிவண்டியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் முற்றத்துப் பாம்புப் புற்று என்று ஆரம்பித்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையாவது கடைசிவரை படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

குளியலறைக் குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எலக்ட்ரீஷியன் ஃபாரூக் கடையநல்லூரிலிருந்து வந்து பார்த்தார். "எக்கா, எர்த் கம்பி புத்துக்கு அடியில துருப்பிடிச்சு அத்துப்போச்சு. கசியுத கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியில்ல. புதுசா குழி தோண்டணும்" என்றார். குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதியாம். நம் முற்றத்தில் எந்தச் சுவரையும் ஒட்டாத இடம், புற்று நிற்கிற இடம் மட்டும்தான்.

முதல் குழந்தை தங்காமல் போனபின் அந்தப் புற்றுக்குப் பால் ஊற்றி வேண்டிய பிறகுதான் தேன்மொழி பிறந்தாள். நான் மறக்கவில்லை. அதைத் தொடமாட்டேன் என்று இவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டுப் போனீர்கள். அதிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் அத்தான்.

உங்கள்
பிரேமலதா


பிவண்டி
20.4.2025

அன்புள்ள பிரேமாவுக்கு,

இங்கே தறிச் சத்தத்தில் காதும் போச்சு, தூக்கமும் போச்சு. மற்றபடி குறையில்லை.

விதியை நானும் மொபைலில் தேடிப் படித்தேன். கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. காம்பவுண்டுச் சுவர் கட்டடம் ஆகாது. அதன் ஓரமாகத் தோண்டச் சொல். அதுவும் முடியாதென்றால், கசிவைக் கண்டதும் அணைந்துவிடும் பிரேக்கர் விற்கிறதே, அதை மட்டும் மாட்டு.

புற்று இருக்கட்டும். பிள்ளை கொடுத்த இடம் அது. இடித்தால் அவளுக்கு என்ன ஆகுமோ.

இசக்கித்துரை


சங்கரன்கோவில்
2.5.2025

அத்தான்,

நீங்கள் சொன்னபடியே காம்பவுண்டு ஓரம் தோண்டினோம். போன வருடம் அந்தச் சுவர்மேலேயே பக்கத்து வீட்டு மகபூப் பீவி அக்கா அடுப்படி எழுப்பியது உங்களுக்குத் தெரியாது. கடப்பாரைச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து, "ஏட்டி, எங்க வீட்டச் சாய்க்கவா பாக்குத?" என்று கத்தினார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம்.

பிரேக்கரைப் பற்றி ஃபாரூக் சொன்னது இது: "எர்த் இல்லாம அத மட்டும் போட்டா, ஆளு தொட்ட பொறவுதான் அணையும்."

அதை வாங்குவதற்குள் தேன்மொழி தொட்டுவிட்டாள். வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கப் போனவளின் "யம்மா" என்ற சத்தம் பாதியில் நின்றது. மெயினை அணைத்த பிறகுதான் கை விட்டு விழுந்தாள். உதடெல்லாம் நீலம். அழக்கூட அவளுக்கு நேரமானது.

அந்த விதிக்கு இன்னும் எத்தனை அர்த்தம் கண்டுபிடிக்கப் போகிறீர்கள்? கும்பிட்டுக் கேட்கிறேன். சரி என்று சொல்லுங்கள்.

பிரேமலதா


பிவண்டி
10.5.2025

பிரேமா,

படித்துவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. கரண்டே வேண்டாம். மெயினை அணைத்தபடியே வை. கரண்டு இல்லாமல் வீட்டில் இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, சாமியிடம் உத்தரவு கேட்டு ஏதாவது செய்கிறேன். அதுவரை புற்றில் கைவைக்காதே. ஒரு பிள்ளையை இந்தக் கையால் புதைத்திருக்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

இசக்கித்துரை


சங்கரன்கோவில்
22.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மெயினை அணைத்துத்தான் வைத்திருந்தேன். வெக்கை தாங்காமல், நான் கடைக்குப் போன நேரம் பார்த்து தேன்மொழியே அதைப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபின் எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி விசயம்க்கா, நான் கைவைக்கக் கூடாது" என்று ஃபாரூக் ஒதுங்கிக்கொண்டார். நானே இடித்தேன். அழுதுகொண்டேதான் இடித்தேன். பிறகு அவர் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டிப் புதுக் கம்பி இறக்கினார். பிரேக்கரும் மாட்டியாயிற்று. இப்போது குழாயைத் தொட்டால் ஒன்றும் செய்வதில்லை.

இன்று காலையிலிருந்து தேன்மொழிக்குக் காய்ச்சல்.

சாதாரணக் காய்ச்சல்தான், ஊரெல்லாம் இருக்கிறது என்கிறார் டாக்டர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும். விடாமல் போனால் என்னை அடியுங்கள், வீட்டை விட்டுத் துரத்துங்கள். நான் அப்போதே சொன்னேனே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அத்தான். அதைக் கேட்டு நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

பிரேமலதா