கதைச்சு முடிப்பம்

உங்கள் பெயரால் நடந்திருப்பவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அக்டோபர் முதல் வாரம்: நீங்கள் இறந்து ஓராண்டுகூட நிறையாத நிலையில், டெல்லியில் உள்ள ஆய்வு நிறுவனம் நம்முடைய ஒலிப்பதிவுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நூலாக்கியது. பாதுகாத்து வைப்பதற்காக மட்டுமே நீங்கள் கொடுத்த பதிவுகள் அவை. மொழிபெயர்ப்பு, பேசியவர்கள் எவருக்கும் வாசித்துக் காட்டப்படவில்லை.

2. அக்டோபர் இறுதி: அந்நூலின் அட்டவணை ஒன்றில், யாழ்ப்பாணத்து மீனவர் மரியதாஸ் சொன்ன ஒரு வாக்கியம் ‘கொலை மிரட்டல்’ என்ற தலைப்பின் கீழ் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டேன்.

3. நவம்பர் நடுவில்: தை மாதம் அதே நிறுவனம் தஞ்சாவூரில் கூட்டவிருக்கும் இரு கரை மீனவர் பேச்சுவார்த்தையின் அழைப்பிலிருந்து, ‘பாதுகாப்புக் காரணங்களால்’ மரியதாஸின் பெயர் நீக்கப்பட்டது.

நூல் என் மேசைமேல் இருக்கிறது. புதுப் பசையும் அச்சு மையும் கலந்த வாடை அறையை விட்டு இன்னும் போகவில்லை. மழைக்காகச் சன்னல்களைச் சாத்தியிருப்பதால் அது உள்ளேயே அடைந்து கிடக்கிறது. வழவழப்பான அட்டையில் உங்கள் பெயரைப் பொன்னிற எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால், “தங்கத்துலயா போட்டுருக்கானுவ? அடகுக் கடையில உரசிப் பாருங்க சார்” என்று சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தஞ்சாவூர் மேல வீதியில் இரண்டு அறைகளில் நீங்கள் தொடங்கிய ஆய்வு மையத்துக்கு நான் வந்தபோது, பாதுகாப்பு ஆய்வு என்றால் வரைபடமும் கோட்பாடும் என்றே நம்பியிருந்தேன். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துபவன். நன்னிலம் பக்கத்து நிலக்காரக் குடும்பம். பாக் நீரிணையை ஒரு நீலக் கோடாக மட்டுமே அறிந்தவன். நீங்கள் கடலோரத்து ஊரில் வணிகம் செய்த மரைக்காயர் வீட்டுப் பெண். எதிர்க்கரையில் நடந்த போரின் சத்தத்தை இரவுக் காற்றில் கேட்டு வளர்ந்தவர். இரு கரை மீனவர்களும் ‘டீச்சர்’ என்றே அழைத்தவர். “உங்களுக்கு வாய்க்காத் தண்ணிதான் சார் தெரியும். கடல்ல மடை கிடையாது, யாரு தண்ணிய யாரு மறிச்சான்னு பஞ்சாயத்து பண்ண முடியாது” என்று முதல் வாரத்திலேயே சொன்னீர்கள். அந்தக் கேலியிலிருந்துதான் என் படிப்பு மீண்டும் தொடங்கியது. அதற்கு நான் முறையாக நன்றி சொன்னதில்லை.

நிறுவனத்தார் மிரட்டல் என்று எழுதிய அந்தக் காலையை நீங்களும் நானும் ஒரே மேசையில் அமர்ந்து பார்த்தோம். பட்டுக்கோட்டைக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த கல்யாண மண்டபம். ஒரு பக்கம் நம் விசைப்படகுக்காரர்கள், மறுபக்கம் எதிர்க்கரையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி விட்டு விட்டுப் பேசியது. அகதி முகாம்களில் இளமையைக் கழித்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிய மரியதாஸ் எழுந்தார். “சண்டை முடிஞ்சு இப்பத்தான் கடல்ல இறங்கினம். இறங்கின உடனை உங்கட போட்டுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகுது. கோவிக்காதேங்கோ, இண்டைக்கே இதைக் கதைச்சு முடிப்பம்.”

பின்வரிசையில் இருந்த படகு உரிமையாளர் கலியபெருமாளின் காதில் ‘கதை’யும் ‘முடிப்ப’தும் மட்டும் விழுந்தன. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“யாரு கதைய யாருடா முடிப்பீங்க? எங்க ஊருக்கே வந்து மிரட்டுறியா?”

அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. நான் ஒலிவாங்கியைத் தேடினேன். நீங்கள் அது இல்லாமலேயே எழுந்து நின்றீர்கள்.

“உக்காருங்கண்ணே. அவுங்க ஊர்ல கதைக்கிறதுன்னா பேசுறது. பேசி முடிச்சுக்கலாம்னு சொல்றாரு. உங்க கதைய முடிக்க யாரும் கடல் தாண்டி வரல. அதுக்கு உங்க பிரஷரே போதும்.”

மரியதாஸ் நெஞ்சில் கை வைத்தார். “ஐயோ அண்ணை, என்ர கதையே இன்னும் முடியேல்லை. உங்கட கதையை நான் ஏன் முடிக்கப்போறன்?”

முதலில் சிரித்தது எதிர்க்கரை வரிசை. பிறகு நம் வரிசை. கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். “சரி, சரி. கதைங்க, கேப்போம்.” மாலைக்குள் ஓர் ஏற்பாடு உருவானது: வலை அறுந்தால், கடற்படைக்குச் சொல்லும் முன் எதிர்க்கரைக்குச் சொல்வது. இரண்டு பேரும் கைப்பேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள். அதன் பிறகு எத்தனையோ சண்டைகள் ஒரு தொலைபேசி அழைப்பில் நின்றன. அவற்றுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை, ஏனென்றால் அவை நடக்கவில்லை.

நீங்கள் எழுதியெடுத்த பிரதியில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ‘எல்லாரும் சிரிப்பு’ என்று குறித்திருந்தீர்கள். பேச்சை எழுத்தாக்கும்போது ஒரு சொல்லையும் திருத்தமாட்டீர்கள், இருமலைக்கூட விடமாட்டீர்கள். முடித்ததும் பேசியவரையே அழைத்து வாசித்துக் காட்டுவீர்கள். காலம் வீணாகிறது என்று நான் ஒருமுறை முணுமுணுத்தபோது, “வாசிச்சுக் காட்டாம எடுத்துட்டுப் போறதுக்குத் திருட்டுன்னு பேரு சார்” என்றீர்கள். மொழிபெயர்த்தவர்கள் முதலில் நீக்கியது அந்தச் சிரிப்பைத்தான்.

நூல் வெளியான பிறகு மரியதாஸ் என்னை அழைத்தார். நலம் விசாரித்தார், உங்கள் மகன் வளைகுடாவிலிருந்து வந்தாரா என்று கேட்டார். பிறகு குரல் இறங்கியது. “ஐயா, நான் அப்பிடிக் கதைச்சனானோ? இஞ்ச ரெண்டு பேர் விசாரிக்க வந்தவை. கொலை செய்வன் எண்டு சொன்னீரோ எண்டு கேக்கினம். டீச்சர் அக்கா அப்பிடி எழுதியிருக்கமாட்டா எண்டு சொன்னன். அட்டையில அவவின்ர பேர்தானே கிடக்குது எண்டு காட்டினம்.”

அவருடைய நாட்டில் அப்படி எழுதப்பட்ட ஒரு மனிதனின் வீட்டு வாசலுக்கு யார் யாரெல்லாம் வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களை நம்பிப் பேசியதால் அவருக்கு இது நேர்ந்தது. அவரோ இன்னும் உங்களை நம்பிக்கொண்டிருக்கிறார். என் கோபம் அந்த இடத்தில் உறைந்தது.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். இளைஞர், மரியாதை தெரிந்தவர். “சார், அது வெறும் கோடிங் கேட்டகரிதான், வகை பிரிக்க வைக்கிற தலைப்பு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். நீங்க ஏன் எமோஷனல் ஆகுறீங்க?” நான் குரலை உயர்த்தவில்லை. அவருடைய பெயரையும் பதவியையும் சரியாக எழுதிக்கொள்ள உதவும்படி மட்டும் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு, மழையோடு பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரைக்குப் போனேன். கலியபெருமாள் கரையேற்றிய படகின் ஓரத்தில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அட்டவணையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

“முடிப்பேன்னு சொன்னது என் கதையத்தானே சார்?”

“ஆமாம்.”

“அப்ப மிரட்டுனாருன்னு நான்தானே சொல்லணும்? என்னைய எவனாச்சும் கேட்டானா?” டம்ளரை மணலில் குத்தி வைத்தார். “போன மாசம் நம்ம பயலுவ எஞ்சின் நின்னு அந்தப் பக்கம் ஒதுங்குனப்ப, விடியிற வரைக்கும் கஞ்சி ஊத்தி வெச்சிருந்தது அந்தாளுதான். அவரு வராத பேச்சுக்கு நாங்க எதுக்கு வரணும்? டீச்சர் இருந்தா இந்நேரம் டெல்லிக்கே போயி கிழிச்சிருப்பாங்க. நீங்க எழுதுங்க. என் பேரப் போட்டு எழுதுங்க.”

எழுதினேன். நேற்று முழுவதும் எழுதினேன். ஒரு வசைச் சொல்லும் இல்லை. ஒரு வியப்புக்குறியும் இல்லை. உங்களிடமிருந்து நான் பெற்று இன்னும் சுமந்துகொண்டிருப்பது இது: ஒருவர் வாயிலிருந்து வந்த சொல், என் கைக்கு வந்த பிறகும் அவருடையதே என்ற அச்சம். நீங்கள் இல்லாவிட்டால் நானும் நல்ல அட்டவணைகள் போட்டு, நல்ல பதவியில் ஓய்வு பெற்றிருப்பேன். என்னை அதிலிருந்து காத்ததற்கு நன்றி. அன்று மண்டபத்தில் என் கை ஒலிவாங்கியைத் தேடிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றதற்கு நன்றி.

கடிதம் நாளை பதிவுத் தபாலில் போகிறது. வாசித்துக் காட்டியதும் கலியபெருமாள் நம் கரையின் சார்பில் ஒப்பமிட்டார், மரியதாஸ் தம் கரையின் சார்பில் ஒப்பமிட்டுக் கைப்பேசியில் படமாக அனுப்பினார். அதன் இறுதிப் பத்தியை உங்களுக்காக இங்கே படியெடுக்கிறேன்:

‘நூலை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்று, மறைந்த ஆய்வாளரின் பெயரை அதன் அட்டையிலிருந்து நீக்கி, திரு. மரியதாஸிடம் எழுத்தில் வருத்தம் தெரிவித்து, அழைப்பில் அவர் பெயரை மீண்டும் சேர்த்தமைக்கான தங்கள் எழுத்துப்பூர்வமான பதில், டிசம்பர் பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். தொலைபேசி விளக்கங்கள் பதிலாகக் கொள்ளப்படமாட்டா. பதில் வராவிடில், தை மாதம் தங்கள் மண்டபத்தில் இரு கரைக்கும் நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். அமர்வதற்கு எந்தக் கரையிலிருந்தும் எவரும் வரமாட்டார்கள்.’